துணைத்தலைவி இல்லாத விழா

கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, இரண்டாம் ஆண்டு பொருளாதார வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து வாசலில் நின்றார்.

"விஜயஸ்ரீய பிரின்சிபால் கூப்பிடுதாவ" என்றார்.

வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். அவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. விஜயஸ்ரீக்குத்தான் தெரியவில்லை. கட்டணம் ஏதாவது பாக்கியோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டே போனாள்.

முதல்வர் தில்லைநாயகத்தின் அறையில் நடராஜ் உட்கார்ந்திருந்தான். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன், மூன்றாம் ஆண்டு வேதியியல். முந்தின நாள்தான் பேரவைத் தலைவராக ஜெயித்திருந்தான். விடிய விடிய ஊர்வலம் போனதில் கண் சிவந்து கிடந்தது. புதிதாக முறுக்கிவிட்ட மீசை மட்டும் தெளிவாக இருந்தது.

"வாம்மா" என்றார் முதல்வர். "ஒனக்கு ஒரு நல்ல சேதி. இந்த வருஷம் பேரவைத் துணைத்தலைவி நீதான்."

"நான் தேர்தல்ல நிக்கவே இல்லையே சார்."

முதல்வர் சிரித்தார். நடராஜும் சேர்ந்து சிரித்தான்.

"அதுக்கு நிக்க வேண்டாம்மா. அது நாங்களாப் பாத்து எடுக்கது."

அந்தக் கல்லூரி திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. ஆயிரத்துக்கு மேல் பையன்கள்; பெண்கள் இருநூறுகூட இல்லை. அறுபதுகளின் கடைசியில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது, பேரவையில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நிர்வாகம் நல்லெண்ணத்தோடுதான் முடிவெடுத்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளை பையன்கள் முன்னால் நின்று ஓட்டுக் கேட்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே தலைவருக்கும் செயலாளருக்கும் தேர்தல், துணைத்தலைவிக்கு மட்டும் நியமனம் என்று வைத்தார்கள். நாளடைவில் அது ஒரு சடங்காகிவிட்டது. ஜெயித்த தலைவர் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்வார். குடும்பம் எப்படி, மேடையில் நின்றால் லட்சணமாக இருக்குமா, குரல் எப்படி என்று பார்த்து முதல்வர் ஒன்றை முடிவு செய்வார். அந்தப் பெண் விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்குச் சந்தனம் கொடுப்பாள், பன்னீர் தெளிப்பாள், தமிழ்த்துறை எழுதிக் கொடுத்த நன்றியுரையை வாசிப்பாள். அவ்வளவுதான் பதவி.

விஜயஸ்ரீக்கு அது தெரியும். போன வருஷத் துணைத்தலைவி ராஜராஜேஸ்வரி அக்காவுக்குத் துணையாகப் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். மேடையில் தலைவருக்கு நாற்காலி இருந்தது, செயலாளருக்கும் இருந்தது. துணைத்தலைவி விழா முடியும்வரை திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டபோது வெளியே வந்தாள், பிறகு திரும்பவும் உள்ளே போனாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரை 'ராஜலட்சுமி' என்று அழைத்தார்கள். "யக்கா, ஒங்க பேரத் தப்பாச் சொல்லுதாங்க" என்று விஜயஸ்ரீ பதறினாள். "எவளா இருந்தா என்ன?" என்று சிரித்துவிட்டுப் போனாள் அக்கா. அந்தச் சிரிப்பு விஜயஸ்ரீக்குப் பல நாள் உறுத்தியது.

இப்போது முதல்வர் அறையில் நிற்கும்போதும் அது உறுத்தியது.

"வேண்டாம் சார்" என்றாள்.

"ஏம்மா? வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒங்க அப்பாகிட்ட நானே பேசுதேன்."

"அதுக்கில்ல சார். நடராஜ் அண்ணனுக்கு எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க. நானும் போட்டேன். துணைத்தலைவருக்கும் அதே மாதிரி தேர்தல் வைங்க. நிக்கேன். தோத்தாலும் சரி."

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனிதர் அல்லர். பேருந்து வராத நாட்களில் பெண்களைத் தம் காரிலேயே திருநெல்வேலி ஜங்ஷன்வரை கொண்டுவிடுவார். ஆனால் எதிர்த்துப் பேசும் பெண்பிள்ளையை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியாது.

"ஒனக்கு வேண்டாம்னா எத்தனையோ பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நீ போகலாம்."

நடராஜ் மட்டும் வராந்தாவரை பின்னாலேயே வந்தான். "என்ன விஜயஸ்ரீ, ஒரு கௌரவம் குடுத்தா அதப்போய்..."

"கௌரவமா இருந்தா நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அன்று மதியம் பெண்கள் ஓய்வறையில் விஷயம் பரவியது. விஜயஸ்ரீயின் நெருங்கிய தோழி சபீதா, மேலப்பாளையத்துக்காரி. வாப்பா துபாயில் இருந்தார். உம்மாவும் அவளும் தம்பிகளும்தான் வீட்டில். பர்தாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபடி முழுக்கதையையும் கேட்டாள்.

"நீ மட்டும் வேண்டாம்னா அடுத்தவள எடுப்பாங்க. எல்லாரும் வேண்டாம்னா?" என்றாள்.

"எல்லாரும் சொல்லுவாங்களா?"

"கேட்டுப் பாப்போம். கேக்கதுக்கு என்ன?"

இருவரும் கேட்டார்கள். வரலாற்று மாணவிகள், கணித மாணவிகள், புதிதாகச் சேர்ந்து இன்னும் யாரையும் தெரியாத முதலாம் ஆண்டுப் பெண்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். சிலருக்கு உடனே புரிந்தது. சிலர் பயந்தார்கள். "ஓட்டுக் கேட்டுப் பையங்க முன்னால போய் நிக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "நிக்க இஷ்டம்னா நில்லு, இல்லன்னா ஓட்டு மட்டும் போடு. ஆனா சந்தனக் கிண்ணத்த மட்டும் கையில வாங்காத" என்றாள் சபீதா.

ஒருத்தி மட்டும் எதற்கும் தலையாட்டவில்லை. வித்யாலக்ஷ்மி.

கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துப் பெண். நன்றாகப் பாடுவாள். விஜயஸ்ரீ ஆழ்வார்குறிச்சியில் ஏறும் அதே செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சியில் ஏறுவாள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள். மறுநாள் காலை வண்டி கல்லிடைக்குறிச்சியில் நின்றபோது, விஜயஸ்ரீ ஜன்னல் வழியே கையசைத்தாள். வித்யாலக்ஷ்மி பார்த்தும் பார்க்காததுபோல வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். விஜயஸ்ரீ சேரன்மாதேவியில் இறங்கி ஓடிப்போய் அவள் பெட்டியில் ஏறினாள்.

"என்ன கோவம்?"

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிண்டு போ. எனக்கும் ஏன் கிடைக்கக் கூடாதுங்கறே?" வித்யாலக்ஷ்மியின் கண் கலங்கியிருந்தது. "போன வருஷமே என்னைத்தான் எடுப்பான்னு எல்லாரும் சொன்னா. அம்மா ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. நேத்து பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பிச்சார். இன்னைக்குப் போய்ச் சரின்னு சொல்லப் போறேன்."

ஆசைப்படுகிறவளிடம் ஆசைப்படாதே என்று எப்படிச் சொல்வது? வெளியே கார் பருவத்து நாற்று காற்றில் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, "தேர்தல் வந்தா நீயும் நில்லு. நானே ஒனக்கு ஓட்டுப் போடுதேன்" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் வித்யாலக்ஷ்மி.

சொன்னபடியே அவள் முதல்வர் அறைக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் ஓய்வறை ஜன்னலில் கூடி நின்று பார்த்தார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது. யாரும் கேட்காமலேயே பேசினாள்.

"நன்றியுரையை நானே எழுதிக்கறேன் சார்னு கேட்டேன். அதெல்லாம் தமிழ்த்துறை பார்த்துக்கும்னுட்டார். சரின்னு இருந்துட்டேன். அந்த நடராஜ் சொல்றான், பட்டுப்புடவை கட்டிண்டு வா, நல்லா பூ வச்சுக்கோ, கடைசில ஒரு சினிமாப் பாட்டு பாடிடு, பையங்க அமைதியா இருப்பாங்கன்னு. சிரிச்சிண்டே சொல்றான். சார் ஒண்ணும் சொல்லலை. அவரும் சிரிக்கறார்."

"நீ என்ன சொன்னே?" என்றாள் சபீதா.

"ஆளை விடுங்கோன்னு வந்துட்டேன்."

அடுத்த சில நாட்கள் பியூனுக்கு ஓயாத வேலை. ஒவ்வொரு வகுப்பாகப் போய் ஒவ்வொரு பெண்ணாக அழைத்துக்கொண்டு வந்தார். ஒருத்தி தனக்குத் தொண்டை சரியில்லை என்றாள். ஒருத்தி அப்பா விடமாட்டார் என்றாள். அவள் அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்ததும், "தேர்தல் வைங்க சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டாள். ஓய்வறைக்கு வந்ததும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைசியில் முதல்வர் யூனிஸ் மிஸ்ஸைப் பெண்கள் ஓய்வறைக்கு அனுப்பினார். பாளையங்கோட்டைக்காரர், ஆங்கில விரிவுரையாளர். அதே கல்லூரியில் படித்தவர். எழுபதுகளில் ஒரு வருஷம் துணைத்தலைவியாகவும் இருந்தவர். ஆகவே அவர் சொன்னால் கேட்பார்கள் என்று முதல்வர் நம்பினார்.

யூனிஸ் மிஸ் கண்டிப்பாகத்தான் ஆரம்பித்தார். விழாவுக்குச் சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி வருகிறார், கல்லூரி மானம் போகக் கூடாது, ஒருத்தியாவது முன்வர வேண்டும் என்றார்.

"மிஸ், நீங்க துணைத்தலைவியா இருந்தப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் விஜயஸ்ரீ. வம்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

யூனிஸ் மிஸ் யோசித்தார்.

"சந்தனம் குடுத்தேன்" என்றார். பிறகு, "நன்றியுரையில ஒரு வரி நானாச் சேத்துச் சொன்னேன். பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தாங்கன்னு. அப்பல்லாம் நாங்க சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோம்."

"கட்டினாங்களா?"

"எப்பவோ கட்டினாங்க. ஆனா அடுத்த வருஷத்துல இருந்து நன்றியுரையத் தமிழ்த்துறைகிட்ட எழுதச் சொல்லிட்டாங்க."

யூனிஸ் மிஸ் கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முதல்வர் அறைக்குப் போய், "யாரும் அகப்படல சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

தில்லைநாயகம் அன்றே அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்குப் போன் செய்தார். விஜயஸ்ரீயின் அப்பா சிவசண்முகம் அங்கே தலைமை எழுத்தர்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தாசில்தார் மேசைக்கு போன் வருது. ஆபீஸே கேட்டுக்கிட்டு இருக்கு. ஒங்க மக காலேஜ்ல கலகம் பண்ணுதாங்காரு. நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கது?"

"கலகம் ஒண்ணும் பண்ணலப்பா. ஒரு வேலை குடுத்தாங்க. வேண்டாம்னேன்."

"வேலையா அது? நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு பாத்து மரியாதைக்குக் குடுக்காங்க."

"மரியாதைன்னா நடராஜுக்குக் குடுத்த மாதிரி குடுக்கட்டும். அவனுக்கு ஓட்டுப்பெட்டி, எனக்குச் சந்தனக் கிண்ணமா?"

"வாய மூடுளா!" அப்பா அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "நாளைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கே. இல்லன்னா காலேஜுக்கே போகாண்டாம்."

அவள் எழுதவில்லை. மறுநாள் குளித்து, தலை பின்னி, பையை மாட்டிக்கொண்டு நடைக்கு வந்தாள். அப்பா வாசல் நிலையில் கைவைத்து நின்றார்.

"எழுதியாச்சா?"

"இல்ல."

"அப்ப எங்க போற?"

"காலேஜுக்கு."

இருவரும் அசையவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா பாலம்மாள் சோற்று டப்பாவோடு வந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பிள்ளைக்கு வண்டி போயிரும்" என்றாள், தினமும் சொல்வதுபோல. அப்பா தன்னையறியாமல் ஒதுங்கிவிட்டார். ஒதுங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நீயும் சேந்துக்கிட்டியா?"

"அவ என்ன களவாண்டுக்கிட்டா வந்திருக்கா? வேண்டாம்னா. அம்புட்டுத்தான" என்று டப்பாவை மகளின் பையில் வைத்தாள் பாலம்மாள். "நீ போளா."

விஜயஸ்ரீ ஸ்டேஷன்வரை ஓடினாள். அப்பாவை எதிர்த்து அவள் வாசல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

தொடக்க விழா ஆவணி முதல் வாரத்தில் வந்தது. பெண்கள் யாரும் வரமாட்டார்கள் என்று முதல்வர் நினைத்தார். ஆனால் எல்லாரும் வந்தார்கள். முன்வரிசைகள் நிறைய உட்கார்ந்தார்கள். பட்டு இல்லை, தினமும் உடுத்துகிற பாவாடை தாவணி, சுடிதார்தான். நீதிபதி காரிலிருந்து இறங்கியபோது வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் மேசைமேல் தனியாக இருந்தன. பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்வர் நடராஜின் காதில் ஏதோ சொன்னார். நடராஜ் தலையை ஆட்டி மறுத்தான். முதல்வர் மறுபடியும் சொன்னார்.

கடைசியில் பேரவைத் தலைவரே பன்னீர்ச் செம்பை எடுத்தான். அதைப் பிடித்துப் பழக்கமில்லாததால் ஒரே வீச்சில் பாதி பன்னீரும் நீதிபதியின் கண்ணாடிமேல் விழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். அரங்கின் பின்பக்கமிருந்து ஒரு பையன், "லே நடராஜு, பூ வைக்க மறந்துட்டியேலே!" என்று கத்தினான். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. நடராஜின் காதுமடல்கூடச் சிவந்துவிட்டது.

நீதிபதி நல்லவர். சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்தார்போல. மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்து, "தலைவரைப் பார்த்தாயிற்று. பேரவைத் துணைத்தலைவர் யார்? காணோமே" என்று கேட்டார்.

மேடையில் எல்லாரும் முதல்வரைப் பார்த்தார்கள்.

விஜயஸ்ரீ எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"துணைத்தலைவர இன்னும் தேர்ந்தெடுக்கலைங்க ஐயா. தேர்தல் வச்சா தேர்ந்தெடுத்துருவோம்."

குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. அவளுக்குப் பக்கத்தில் சபீதா எழுந்து நின்றாள். அந்தப் பக்கம் வித்யாலக்ஷ்மி எழுந்தாள். பிறகு நாற்காலிகள் கிறீச்சிட முன்வரிசைப் பெண்கள் அத்தனைபேரும் எழுந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. நின்றார்கள். பின்னால் சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிவிட்டார்கள்.

"அப்படியா? நல்லது, நல்லது" என்றார் நீதிபதி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றி மிக நீளமாகப் பேசினார். அன்றைக்கு நன்றியுரை கிடையாது.

மறுநாள் முதல்வர் விஜயஸ்ரீயைக் கூப்பிட்டார்.

"சபையில எந்திச்சுப் பேச ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"அவங்க கேட்டாங்க சார். எனக்குப் பதில் தெரிஞ்சுது."

"ஒரு வாரம் நீ கல்லூரிக்குள்ள வரக்கூடாது."

"உள்ளதான வரக்கூடாது சார்?"

அவள் மறுநாளும் அதே வண்டியில் வந்தாள். வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத மரம் இருந்தது. அதன் அடியில் துண்டை விரித்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பல தடவை தோன்றியது. ஆனால் சாயங்கால வண்டிவரை உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே நடந்ததை மதியம் சபீதா ஓடிவந்து சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வித்யா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி பிரின்சிபால் ரூம் வராந்தாவுல உக்கார வச்சுட்டாளே! வகுப்புக்குப் போக மாட்டோம், விஜயஸ்ரீய உள்ள விடுங்கன்னு சொல்லிட்டா. நானே மெரண்டுட்டேன். அவ குரலு அம்புட்டு பெருசா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. நடராஜ். விழாவிலிருந்து அவனுக்குக் கல்லூரி முழுக்க 'பன்னீர்' என்று பெயர் விழுந்திருந்தது. விடுதியில், கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், எங்கே போனாலும் எவனாவது ஒருத்தன் கையை நீட்டி, "பன்னீரு, கொஞ்சம் தெளிப்பா" என்றான். அவன் முதல்வர் அறைக்குப் போய் நேராகவே சொன்னான்.

"தேர்தல வச்சிருங்க சார். அடுத்த விழாவுக்கு நான் அந்தச் செம்பத் தொட மாட்டேன். யாரும் தொட மாட்டான்."

தில்லைநாயகம் களைத்துப்போயிருந்தார். பெண்கள் மட்டும் ஓட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். விஜயஸ்ரீ மரத்தடியிலிருந்தே அதை மறுத்தாள். "துணைத்தலைவரு பேரவைக்கா, பொம்பளைங்களுக்கு மட்டுமா? தலைவருக்கு நாங்களுந்தான ஓட்டுப் போட்டோம்?" அந்தக் கேள்வியை வித்யாலக்ஷ்மி உள்ளே கொண்டுபோய்க் கேட்டாள். முதல்வர் கடைசியில் இறங்கிவந்தார். எல்லாரும் ஓட்டுப் போடலாம், விஜயஸ்ரீ உள்ளே வரலாம் என்று மாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். விஜயஸ்ரீயும் வித்யாலக்ஷ்மியும்.

ஒரு வாரம் இருவரும் வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். முதல் நாள் பையன்கள் விசிலடித்தார்கள். விஜயஸ்ரீ கரும்பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, விசில் ஓயும்வரை நின்றாள். "முடிஞ்சுதா? இப்ப நான் பேசலாமா?" என்றாள். பஸ் பாஸ் தாமதமாவது பற்றி, நூலகம் நாலு மணிக்கே பூட்டப்படுவது பற்றிப் பேசினாள். பேசப் பேச அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. இத்தனை பேர் தன் முகத்தைப் பார்த்துத் தான் சொல்வதைக் கேட்கிறார்கள் என்பது புது அனுபவமாக இருந்தது.

வித்யாலக்ஷ்மி அதிகம் பேசவில்லை. "வராந்தால உட்கார்ந்தது நான்தான். மறுபடியும் உட்காரணும்னா உட்காருவேன்" என்றாள். அவ்வளவுதான்.

வித்யாலக்ஷ்மி ஜெயித்தாள். வித்தியாசம் அதிகமில்லை. கலைப்பிரிவில் விஜயஸ்ரீ முந்தியிருந்தாள். அறிவியல் பையன்களில் அதிகம் பேர் வித்யாலக்ஷ்மிக்குப் போட்டிருந்தார்கள்.

அறிவிப்பைக் கேட்டதும் விஜயஸ்ரீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதாள். தோற்றாலும் சரி என்று சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் தோற்பது இப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நியாயமாகக் கிடைக்க வேண்டியது தனக்குத்தானே என்றுகூடத் தோன்றியது. பிறகு மரத்தடியில் தான் உட்கார்ந்திருந்தபோது உள்ளே போராடியவள் யார் என்று நினைத்துப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள்.

வித்யாலக்ஷ்மி மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். விஜயஸ்ரீயைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் ஓட்டுப் போடுவேன்னு ரயில்ல சொன்னியே. போட்டியா?"

"இல்ல. எனக்கே போட்டுக்கிட்டேன்."

"நானும் எனக்குத்தான்" என்றாள் வித்யாலக்ஷ்மி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சபீதா நடுவில் வந்து, "நான் யாருக்குப் போட்டேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

அடுத்த விழாவில் மேடையில் துணைத்தலைவிக்கு நாற்காலி போட்டார்கள். நன்றியுரையை அவளே எழுதி வாசித்தாள். கொஞ்சம் நீளம்தான். தமிழ்த்துறைத் தலைவர் அதில் இருந்த சந்திப்பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று பேச்சு.

தோற்ற அன்று மாலை விஜயஸ்ரீ ஆழ்வார்குறிச்சியில் இறங்கியபோது, ஸ்டேஷனுக்கு வெளியே அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். வாசலில் ஒதுங்கிய அந்தக் காலையிலிருந்து அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. இப்போது அவள் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவளும் கூடவே நடந்தாள். மலைப்பக்கமிருந்து சாரல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தோத்துட்டியாமே" என்றார்.

"ஆமாப்பா. அதுக்குள்ள யாரு சொன்னா?"

"கல்லிடைக்குறிச்சிக்காரன் ஒருத்தன் ஆபீஸ்ல சொன்னான். சிரிச்சிக்கிட்டே சொன்னான்." கொஞ்ச தூரம் நடந்தார். "எலேய், ஒம் மவ எதுலயாவது நின்னிருக்காளா, தோக்கதுக்குன்னு கேட்டேன். பேசாமப் போயிட்டான்."

விஜயஸ்ரீ அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அடுத்த வருஷம் தலைவருக்கு நிக்கப் போறேன்."

சைக்கிள் நின்றது.

"தலைவருக்கா? பொம்பளப் பிள்ள நிக்கலாம்னு இருக்கா?"

"நிக்கக் கூடாதுன்னு இல்ல."

"தில்லைநாயகம் விடுவாரா?"

"விடாட்டா, ஏன்னு கேப்பேன்."

அவர் மறுபடியும் சைக்கிளைத் தள்ளினார். அவள் அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். தெருமுனை வந்தபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சயின்ஸ் பையங்க எத்தன பேரு இருப்பானுங்க?"

"பாதிக்கு மேல அவங்கதான்பா. அங்கனதான் தோத்தேன்."

"ம்."

"அங்கன இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள் விஜயஸ்ரீ. தலையில் விழுந்த சாரலைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வீட்டுக்குள் போனாள்.